கொழும்பில் எந்தப் பாராளுமன்றத்தைப் பார்ப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து போவோருக்கான ஒப்பீடு

காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்கும் தூண் வைத்த பழைய கட்டடத்தை மனதில் வைத்துக்கொண்டு, வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து "பாராளுமன்றத்துக்குப் போகவேணும்" என்று சொன்னால், ஓட்டோ போய் நிற்கும் இடம் பத்தரமுல்லை. இரண்டுக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர் அளவு தூரம், இராஜகிரிய வாகன நெரிசல் வேறு. ஆகவே ஏறுமுன்னரே பழையதா புதியதா என்று தீர்மானித்துவிட வேண்டும்.

உண்மையில் இலங்கையின் சட்டமன்றங்கள் கூடிய இடங்கள் என்று கொழும்பில் பார்க்கத்தக்கவை நான்கு. கோட்டையில் இன்று வெளிநாட்டு அமைச்சு இயங்கும் குடியரசுக் கட்டடம். காலிமுகத்திடலின் வடக்கு அந்தத்தில் உள்ள பழைய பாராளுமன்றம், அதாவது இன்றைய ஜனாதிபதி செயலகம். கொழும்பு 7இல் சுதந்திர சதுக்க மண்டபம். பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாவின் நடுவே 1982இல் திறந்த இன்றைய பாராளுமன்றம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வந்து ஒரு பகல் மட்டும் கையில் இருப்பவர் நான்கையும் ஒழுங்காகப் பார்ப்பது நடக்காத காரியம். எதை விடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் விடக்கூடியதைச் சொல்லிவிடலாம். குடியரசுக் கட்டடத்தில் 1930 வரை பிரித்தானியர் காலத்துச் சட்டநிரூபண சபை கூடியது. பிறகு 1947 முதல் 1971இல் ஒழிக்கப்படும் வரை மேற்சபையான செனட் சபை கூடியது. வரலாறு பெரியது, பார்வையாளருக்குக் கிடைப்பது சிறியது. பக்கத்தில் ஜனாதிபதி மாளிகை இருப்பதால் அந்த வட்டாரம் முழுக்கக் காவல். வீதியில் நின்று முகப்பைப் பார்க்கலாம், அவ்வளவே. கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி அந்த வழியால் நடப்பதாக இருந்தால் பாருங்கள்; இதற்கென்று தனியாகப் போக வேண்டாம்.

பழைய பாராளுமன்றத்தின் கதை வேறு. அரசாங்கத்தின் பொதுவேலைத் திணைக்களக் கட்டடக் கலைஞர் ஓஸ்ரின் வூட்சன் வரைந்தது. 1930 ஜனவரி 29இல் தேசாதிபதி சேர் ஹேர்பேட் ஸ்ரான்லி திறந்துவைத்தார். கட்டத் திட்டமிட்ட காலத்துச் சட்டநிரூபண சபையில் இருந்தவர்கள் 49 பேர். கட்டடம் திறந்த அடுத்த ஆண்டே, பிரித்தானியர் தந்த புதிய டொனமூர் யாப்பின் அரசாங்க சபை வந்து 61 ஆசனமாயிற்று. 1947இல் பிரதிநிதிகள் சபைக்கு 101 பேர், 1960இல் 157, 1977இல் 168. கட்டடம் வளரவில்லை, சபை வளர்ந்துகொண்டே போனது. தியவன்னாவுக்கு மாறிய காரணங்களில் இந்த இட நெருக்கடி முக்கியமானது. இன்று ஆசனங்கள் 225. அவற்றில் 196 மாவட்டங்களுக்கு, 29 தேசியப் பட்டியலுக்கு.

அரசாங்க சபை 1931இல் அங்கே முதன்முதலில் கூடியபோது வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கிலும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. 1934இல்தான் அவை நிரம்பின, ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறைக்கு உறுப்பினராக உள்ளே போனது அப்போதுதான். அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைச் சொன்னால், தூண்களின் பாணியை விளக்குவதைவிட மனதில் நிற்கும்.

பழைய கட்டடத்தை உள்ளே பார்க்க முடியுமா என்பதே பலரும் கேட்பது. அது இன்று நாட்டின் மிக முக்கியமான அலுவலகங்களில் ஒன்று. 1983இலிருந்து ஜனாதிபதி செயலகம். வாயிலில் போய் அடையாள அட்டையை நீட்டினால் உல்லாசப் பயணியாக உள்ளே விடமாட்டார்கள். உள்ளே போகலாம் என்ற எண்ணத்தோடு பயணத்தைத் திட்டமிடாதீர்கள். ஆனால் இது பெரிய இழப்பும் அல்ல. தமிழருக்கு இந்தக் கட்டடத்தோடு தொடர்புபட்ட மிகப் பெரிய சம்பவம் நடந்தது உள்ளே அல்ல, எதிரே உள்ள புல்தரையில். 1956 ஜூன் 5, தனிச்சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்த நாள்: செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அடித்து விரட்டப்பட்டார்கள். 2022இல் அரகலய என்ற மக்கள் போராட்டத்தின் கூடாரங்கள் நின்றதும் அதே வாசலுக்கு எதிரேதான். அந்த ஜூலை 9இல் கூட்டம் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது. புல்தரைக்கு ரிக்கெற் இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை.

கட்டடத்தின் முன்றலில் உள்ள சிலைகளுள் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தினதும் சேர் பொன்னம்பலம் இராமநாதனதும் உண்டு. அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். இராமநாதனை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. மருதனார்மடத்து மகளிர் கல்லூரியும், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமான பரமேஸ்வராக் கல்லூரியும் அவர் தொடக்கியவை. 1911இல் படித்த இலங்கையருக்கான ஒரே ஆசனத்துக்குத் தெரிவானவரும் அவரே. இந்தக் கட்டடம் திறந்த 1930ஆம் ஆண்டின் நவம்பரில் காலமானார்.

படம் எடுப்பவர்களுக்கு: முகப்பு மேற்கே கடலை நோக்கியது. காலையில் போனால் கட்டடம் இருட்டாகவும் அதன் பின்னால் வானம் வெளிறியும் விழும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வெயில் நேரே முகப்பில் அடிக்கும். சூரியன் மறையும் முன் அரை மணித்தியாலம் மிக நல்லது. காவலரண், இராணுவத்தினர், வாகனத் தொடரணி ஆகியவற்றுக்குக் கமராவைத் திருப்பாதீர்கள். காவலர் கேட்டால் படத்தை அழிக்க வேண்டிவரும், வாக்குவாதத்தில் பயன் இல்லை. பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் திடலில் ஒதுங்க நிழலே இல்லை. முதியவர்களோடு அந்த நேரத்தில் போவது வீண் துன்பம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் புறக்கோட்டைக்குப் போகும் 100, 101 இலக்க பஸ்கள் திடலைக் கடந்தே போகும். இறங்கிப் பார்த்து, இறால் வடை வாங்கிக்கொண்டு கடல் விளிம்பில் இருந்தால் மாலை முடிந்துவிடும்.

இனி புதிய பாராளுமன்றம். அனுமதி எடுக்கும் அலைச்சல் அதிகமாக இருப்பதும், உள்ளே போனால் பலன் அதிகமாக இருப்பதும் இங்கேதான். ஜெஃப்ரி பாவா வடிவமைத்து, ஜப்பானிய நிறுவனங்கள் கட்டி, 1982 ஏப்ரல் 29இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா திறந்துவைத்தார். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே பன்னிரண்டு ஏக்கர் அளவு மேட்டைத் தீவாக விட்டார்கள். பெரிய நடு மண்டபமும் அதைச் சுற்றிச் சிறிய மண்டபங்களும், ஒவ்வொன்றுக்கும் செப்புத் தகடு வேய்ந்த தனித்தனிக் கூரை. முன்னும் பின்னும் ஒரே அளவாக நிற்கும் பழைய கட்டடத்துக்கு இது நேர் எதிர்: எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கூரைகள் வேறு விதமாக அடுக்குப்படும். ஆனால் உள்ளே போனால் சபை மண்டபம் மட்டும் வெஸ்ற்மின்ஸ்ரர் ஒழுங்கில், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் முகம் பார்த்து இருக்கும்படி. மேலே கூடாரம் போல் தொங்கும் பளபளக்கும் உலோக விதானம். அதன் நடுவே லக்கி சேனாநாயக்க செய்த ஓலை வடிவ வெள்ளி விளக்கு. பனையோலை பார்த்து வளர்ந்தவர்கள் அண்ணாந்து பார்த்தால் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

எந்தக் கட்டடம் என்பதைவிடவும் பயணத்தை அதிகம் மாற்றுவது இன்னொரு முடிவு: சபை நடக்கிற நாளில் போவதா, நடக்காத நாளில் போவதா? பொதுவாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை சபை கூடும்; காலை 9.30க்கு ஆரம்பம். நவம்பர், டிசம்பரில் வரவுசெலவுத் திட்ட விவாதம் வந்தால் இந்தக் கணக்குக் குழம்பி, கிட்டத்தட்ட நாள்தோறும் கூட்டம் நடக்கும்.

சபை நாளில் பார்வையாளர் கலரியில் இருந்தால் உண்மையான விவாதத்தைக் கேட்கலாம். முதல் பத்து நிமிடம் மிக அருமையானது: படைக்கலச் சேவிதர் (சபையின் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான அதிகாரி) செங்கோலைத் தோளில் தாங்கி முன்னே வர, சபாநாயகர் பின்னே வருவார். அந்தச் செங்கோல் 1949இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபை அன்பளிப்பாகத் தந்தது. காலிமுகத்திடலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து பிறகு தியவன்னாவுக்கு வந்தது. சபை கூடாத நாளில் அது மேசையில் இராது. ஆனால் சபை நாளில் பார்வையாளர் நெருக்கம், கடும் பாதுகாப்பு, பேசக்கூடாது, எழும்பி நடக்கக்கூடாது, இன்னொரு குழு காத்திருந்தால் இருபது நிமிடத்தில் எழுப்பி அனுப்பவும் கூடும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கலரியில் அரை மணித்தியாலம் அசையாமல் இருக்கமாட்டார்கள். விவாதம் எப்படியும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நேரடியாக ஒளிபரப்பாகிறது. சபையில் பேசியதைப் பதிவுசெய்யும் ஹன்சாட் அறிக்கையும் உறுப்பினர் பேசிய மொழியிலேயே அச்சாகி இணையத்தில் கிடைக்கும். பேச்சைக் கேட்பதற்காக மட்டும் 400 கிலோமீற்றர் போக வேண்டியதில்லை. கட்டடத்தைப் பார்க்க விரும்புவோர் சபை இல்லாத வேலைநாள் ஒன்றில் போவதே நல்லது. அரசியல் விஞ்ஞானம் படிக்கும் உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழகத்தாரும் மட்டும் சபை நாளைத் தேடிப் போகலாம்.

அனுமதி கேட்பது படைக்கலச் சேவிதரின் திணைக்களத்திடம். பாடசாலை, சங்கம், நூலக வாசகர் வட்டம் என்று குழுவாகப் போவதானால் அதிபர் அல்லது தலைவரின் ஒப்பத்துடன் கடிதம் எழுத வேண்டும். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. கடிதத்தில் திகதி ஒன்றை மட்டும் கேட்காமல் மாற்றாக இரண்டு திகதிகளையும் போடுங்கள். பெயர்ப்பட்டியலும் அடையாள அட்டை இலக்கங்களும், வாகன இலக்கமும், சாரதியின் பெயரும் இணைத்தே அனுப்புங்கள். பிறகு தனித்தனியாகக் கேட்டு நாள் இழுபடாது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அனுப்பினால் நிம்மதி. சபை நாளில் கலரிக்குத் தனியாட்களாகப் போவதற்கு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகக் கேட்பதே சுருக்கு வழி. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். யாரேனும் ஒருவரின் அலுவலகத்தைக் கேளுங்கள்.

வாயில் வரை வந்தும் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயரில்தான் பிழைவிட்டிருப்பார்கள். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகவும் வரும், முழுதாகவும் வரும், பட்டியலில் "க. சிவகுமார்", அட்டையில் முழுப்பெயர், வெளிநாட்டிலிருந்து வந்த மகனின் கடவுச்சீட்டில் முன்பின் மாறிய பெயர். அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். அட்டை தொலைந்து பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டுடன் மட்டும் வருபவர் மாட்டிக்கொள்வார். அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுப் பிரஜைகள் கடவுச்சீட்டின் மூலப்பிரதியைக் கொண்டுவர வேண்டும். போனில் உள்ள படம் போதாது, அந்தப் போனையே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கைத்தொலைபேசி, கமரா, பை எதுவும் உள்ளே போகாது. நாற்பது பேர் கொண்ட குழு ஒவ்வொரு போனாகக் கொடுத்துத் துண்டு வாங்கவே அரை மணித்தியாலம் போய்விடும். போன்களை எல்லாம் பஸ்ஸிலேயே ஒரு பையில் போட்டுச் சாரதியிடம் விட்டுவிட்டு இறங்குவது கெட்டித்தனம். உள்ளே படம் எடுக்க முடியாது என்பதை முன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். உடை விடயத்தில் கோயிலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டால் பிழைக்காது: அரைக் காற்சட்டை, கையில்லாச் சட்டை, வீட்டுச் செருப்பு வேண்டாம். வெளியே நல்ல வெயில், உள்ளே குளிரூட்டி. வயதானவர்களுக்கு ஒரு சால்வை உதவும்.

போக்குவரத்து: கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 இலக்க பஸ் இராஜகிரிய ஊடாகப் பாராளுமன்றச் சந்திக்கு வரும், பொல்துவச் சந்தி என்றாலும் அதுதான். சந்தியிலிருந்து வாயிலுக்கு நடை இருக்கிறது, முதியவர்களுக்கு ஓட்டோ பிடியுங்கள். காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் கொழும்பை நோக்கி வரும் பக்கம்தான் அதிகம் இறுகும். நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள், ஆனாலும் பொரளையிலும் இராஜகிரியவிலும் தாமதம் வரும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். பொல்துவச் சந்தியில் ஆர்ப்பாட்டம் என்றால் பொலிஸார் தடுப்புப் போட்டு வீதியை மூடிவிடுவார்கள். முதல்நாள் இரவே செய்தி பாருங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையும் மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அனல் பறக்கும் வைகாசி, ஆனியில் கொழும்பில் மழைக்காலம். குடை உள்ளே போகாவிட்டாலும் பஸ்ஸில் இருக்கட்டும்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் பத்தரமுல்லைப் பயணம் வீணாகாது. சந்தியருகே ஏரிக்கரையில் தியத உயன பூங்கா இருக்கிறது. அங்கிருந்து நீருக்கு அப்பால் செப்புக் கூரைகள் தெரியும். பாவா இந்தக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து, தண்ணீருக்கு மேலாகப் பார்க்கும்படியே நினைத்தார் என்பதால், வெளியே நின்று பார்ப்பதையும் குறைவாக எண்ண வேண்டாம். இசுருபாயவில் கல்வி அமைச்சுக்கோ, குடிவரவுத் திணைக்களத்துக்கோ அலுவலாகப் போகும் ஆசிரியர்களும் மற்றவர்களும் அலுவல் முடிந்த கையோடு இதைப் பார்த்துவிடலாம், எல்லாம் பத்தரமுல்லைக்குள்தான்.

சுதந்திர சதுக்கத்துக்கு இத்தனை ஆயத்தம் எதுவும் வேண்டாம். 1948 பெப்ரவரியில் சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றத்தைக் குளொஸ்ரர் கோமகன் வைபவரீதியாகத் திறந்துவைத்த இடத்தில், கண்டி அரசரின் சபை மண்டபமான மகுல் மடுவவைப் பார்த்துக் கட்டிய திறந்த மண்டபம். சுவரில்லை, அனுமதியில்லை, போன் வாங்குவதில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியலாம், சில்லுக்கதிரையில் வருபவரையும் சுற்றிவர அழைத்துப் போகலாம். ஆனால் இது நினைவு மண்டபம். பாராளுமன்றம் நாள்தோறும் கூடிய இடம் அல்ல. "பாராளுமன்றம் பார்த்தோம்" என்று பிள்ளை பாடசாலையில் சொன்னால் ஆசிரியர் திருத்தக்கூடும்.

ஆக, யாருக்கு எது? பாடசாலைக் குழுவுக்குத் தியவன்னா, அதுவும் சபை இல்லாத நாள் காலை. கடிதம் எழுதுகிற சிரமத்துக்கு ஏற்ற பலன் அங்கேதான். இரண்டு மூன்று பேராகப் போகிறவர்கள், வேறு அலுவலாகப் போய் அரைநாள் மிஞ்சியவர்கள், பழைய அரசியலில் ஊறிய பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னேரக் காலிமுகத்திடல். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக 1977இல் பழைய மண்டபத்தில் இருந்து, 1982இல் புதியதற்கு மாறி, தனிநாடு கோரமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்ன யாப்பின் ஆறாம் திருத்தத்தின் பின் 1983இல் ஆசனம் இழந்தவர். அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது பொருத்தம். காலை பத்துக்குப் பத்தரமுல்லை, மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை, நான்கு மணிக்குத் திடல் என்று வைத்தால் அவசரம் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குச் சுதந்திர சதுக்கம் போதும்.

லண்டனில் பிள்ளைகளிடம் போய் நிற்கும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. வெஸ்ற்மின்ஸ்ரரைப் பார்க்கப் பணம் கட்டுமுன் மகனிடமோ மகளிடமோ கேளுங்கள்: அங்கு வசிப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர் ஊடாக இலவசச் சுற்றுக்கு இடம் கேட்கலாம், வரிசையில் நின்றால் விவாதக் கலரிக்கும் கட்டணம் இல்லை. பொதுமக்கள் சபை மண்டபம் 1941 குண்டுவீச்சில் அழிந்து 1950இல் மீளக் கட்டப்பட்டபோது பொதுநலவாய நாடுகள் தளபாடம் கொடுத்தன. படைக்கலச் சேவிதரின் கதிரை இலங்கை கொடுத்தது. தியவன்னாவில் அவர்கள் தந்த செங்கோல், தேம்ஸ் கரையில் நாங்கள் கொடுத்த கதிரை. வழிகாட்டி சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வருகிறவர்கள் இரவு பஸ்ஸுக்கு வெள்ளவத்தையில் ஏறுவதானால், திடலிலிருந்து ஆறரைக்கே கிளம்புங்கள். சூரியன் மறைந்தவுடன் காலி வீதி இறுகிவிடும்.